பங்கு போட்ட மருந்து

யாருடைய மருந்தை யார் குடித்தீர்கள் என்று டாக்டர் ஹெப்சிபா திரும்பத் திரும்பக் கேட்டும் கீழத்தெருவில் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. பாதிப் பேர் வாயைத் திறந்தாலும் சத்தம் வராது, மீதிப் பேருக்குச் சத்தம் இருந்தும் சொல்ல முகம் இல்லை. டாக்டர் கையில் சத்தம் அளக்கிற மெஷின் இருந்தது, நுனியில் பஞ்சுத் தொப்பி மாட்டிய டார்ச் லைட் மாதிரி. காலையிலிருந்து வீடு வீடாகப் போய் அதை நீட்டி, கைதட்டச் சொல்லி, இருமச் சொல்லி, தரையில் காலை உதைக்கச் சொல்லி அளந்து முடித்திருந்தார். சிவப்பு மூடி பாட்டில் வாங்கிய வீட்டுக்கும் பச்சை மூடி பாட்டில் வாங்கிய வீட்டுக்கும் அது ஒரே மாதிரிதான் காட்டியது. அப்படிக் காட்டவே கூடாதாம்.

"திட்ட மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்லுங்க," என்றார்.

ஒச்சு மாமா வேப்பமரத்தில் ஏதோ காயப்போட்டவர் மாதிரி மேலே பார்த்தார். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். என்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். கணக்கு வாத்தியார் போர்டில் போட்டது தப்பு என்று எழுந்து சொல்லி, அவர் அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, அதோடு பள்ளிக்கூடம் பக்கமே போகாதவன் நான்.

"கலந்துட்டோம் டாக்டரம்மா," என்றேன். "எல்லா பாட்டிலையும் கல்யாண அண்டாவுல ஊத்திக் கலக்கி, ஆளுக்கு ஒரு டம்ளர்னு பங்கு வச்சுட்டோம்."

டாக்டர் பஞ்சுத் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். அப்புறம் பக்கத்தில் கிடந்த ஆட்டுக்கல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இது உங்களுக்குப் புரியாது. எங்கள் ஊர் நூலாத்துப்பட்டி, விசைத்தறி ஊர், பிறந்த பிள்ளை தறிச் சத்தம் நின்றால்தான் முழித்துக்கொண்டு அழும். தை மாசம் கழிந்து ஒரு நாள் மூலைவீட்டு ஆள் ஒருத்தருடைய செருப்புச் சத்தம் காணாமல் போனது. அவர் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை, வியாதியே அதுதான், அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். செருப்பு போய், இருமல் போய், அவர் கதவைச் சாத்தினால் கதவுச் சத்தம் போய், கடைசியில் குரல் போனது. அடுத்து அவர் சம்சாரத்தின் வளையல், அதற்கடுத்து எதிர்வீட்டு ஆள், அப்படியே கீழத்தெரு பூராவும் கறையான் மாதிரி ஏறியது. எதையாவது அவர்கள் கையால் தொட்டால் அதுவும் சத்தம் போடாது. சத்தம் போனவர் தறியை ஓட்டினால் நூல் இழுக்கிற நாடா இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுவது கண்ணுக்குத் தெரியும், காதுக்கு ஒன்றும் இருக்காது, படம் ஓடுகிற மாதிரி.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சில பேருக்குச் சந்தோஷம்கூட. மாமியாரும் மருமகளும் கையை ஆட்டிச் சண்டை போட்டு, கை வலித்ததும் நிறுத்திக்கொண்டார்கள், தறி முதலாளி ராத்திரி ஷிப்ட்டுக்கு இனி யாரும் புகார் சொல்ல மாட்டான் என்று சந்தோஷத்தில் வெற்றிலை மென்றார், அப்புறம் இழை அறுந்தால் தறிச் சத்தம் மாறுவதைக் கேட்டுத்தான் ஓடி வந்து முடிச்சுப் போடுவோம் என்பதும், சத்தமே இல்லாத தறியில் அறுந்த இழை அறுந்தபடியே முழத்துக்கு முழம் நெய்துகொண்டு போகும் என்பதும் தெரிந்தபோது துப்பினார். பால்காரர் மணி அடிப்பதை விட்டுவிட்டு வாசலில் கண்ணாடித் துண்டால் வெயிலை அடித்தார். பிள்ளை அழுவது கேட்காது என்பதால் தாய்மார் பிள்ளையின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே தூங்கப் பழகினார்கள். பங்குனித் திருவிழாவில் உறுமிக்காரர் அடித்த அடி ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துப் பார்த்தே எல்லாரும் சாமி ஆடினார்கள், ஒரு அடிகூடப் பிசகவில்லை. இப்படியே இருந்துவிடலாம் போல என்றுதான் எல்லாருக்கும் இருந்தது.

மூலைவீட்டு ஆளுடைய நெஞ்சுச் சத்தம் போனதும்தான் பயம் வந்தது. காதை வைத்துக் கேட்டால் லப்டப் என்று ஒன்று கேட்குமே, அது. அது போனதும் ஆள் சாகவில்லை. ஆனால் மறுநாள் யாருக்கும் அவரை ஞாபகம் இல்லை. மூலைவீட்டு ஆள் என்று யாரோ அன்றன்றைக்கு எழுதி வைத்திருந்ததைப் படித்துத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். அவர் சம்சாரம் இன்னமும் ரெண்டு பேருக்கு உலை வைக்கிறது, ரெண்டாவது தட்டு யாருக்கு என்று கேட்டால் யோசிக்கிறது. அந்த வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது, யாரும் அதில் உட்காருவதில்லை, ஏன் என்று யாருக்கும் தெரியாது. அதில் அவர் உட்கார்ந்திருக்கிறாரா என்றும் தெரியாது. நான் ரெண்டு தடவை உற்றுப் பார்த்தேன். எனக்கு அங்கே நாற்காலிதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கச்சி மயிலுக்குக் கொலுசுச் சத்தம் போனது. மூணாவது படிக்கிறாள், வாயாடி. அவள் பேச்சு போகிறவரைக்கும் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று பொழுதுக்கும் என் பின்னாலேயே பேசிக்கொண்டு வந்தாள். "அண்ணே, என்னைய மறந்துருவியா? சைக்கிளை நான் ஓட்டுனப்ப கீழ போட்டேன்ல, அதையாச்சும் ஞாபகம் வச்சுக்க." அதற்கு நான் ஒன்று வைத்தேன், முதுகில். அதற்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமை அவள் குரலும் போனது.

டாக்டர் ஹெப்சிபா நாகர்கோவில் பக்கத்துக்காரர், இது என்ன வியாதி என்று பார்க்க மேலிடத்திலிருந்து அனுப்பி வந்தவர். தண்ணீரை எடுத்தார், பஞ்சுத் தூசியை எடுத்தார், எங்கள் ரத்தத்தை எடுத்தார். தறி இரைச்சல்தான் ஊர்ச் சத்தத்தைத் தின்றுவிட்டது என்று தறி ஓட்டாதவர்கள் சொன்னார்கள். "பக்கத்து ஊருலயும் தறி ஓடுதே, அங்க ஏன் போகலை?" என்று கேட்டார். போன வருஷம் கோயிலுக்குக் கொடை கொடுக்காத கோபம், சாமி பண்ணுகிறது என்றார்கள். "குடுத்த வீட்டுலயும் போயிருக்கே?" என்று கேட்டார். எதைச் சொன்னாலும் அதற்கு எதிராக ஒரு வீட்டைக் காட்டினார். சரி, அப்போ நீங்களே சொல்லுங்கள், எதனால் என்று ஒச்சு மாமா கேட்டார்.

"தெரியலை," என்றார் டாக்டர்.

தெருவே ஆடிப்போனது. படித்தவர் ஒருத்தர் தெரியவில்லை என்று சொல்லி நாங்கள் பார்த்ததே இல்லை. வாத்தியார், வி.ஏ.ஓ., சோசியர், யாரும் சொன்னதில்லை. "இந்தம்மா நெசமாவே டாக்டர்தானா?" என்று சின்னப்பொண்ணு அக்கா என் அம்மாவிடம் கேட்டது.

அப்புறம் மருந்து வந்தது. சிவப்பு மூடி பாட்டில் ஒரு பெட்டி, பச்சை மூடி ஒரு பெட்டி. ஒன்றில் மருந்து, இன்னொன்றில் வெறும் சர்க்கரைத் தண்ணீர். எது எதில் என்று டாக்டருக்கே தெரியாதாம், பட்டணத்தில் யாரோ ஒருத்தருக்குத்தான் தெரியுமாம்.

"கொண்டாந்தது நீங்க, உங்களுக்கே தெரியாதா?" என்றார் ஒச்சு மாமா.

"தெரிஞ்சா என் காது என்னை ஏமாத்தும் ஐயா. மருந்து குடிச்ச பிள்ளை இருமுனா எனக்குப் பெருசாக் கேக்கும். நல்லாகணும்னு நான் ஆசைப்படறேன்ல? அதான் எனக்குத் தெரியக் கூடாது."

"அப்ப பாதித் தெரு சீனித்தண்ணி குடிச்சுட்டு வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணும்?"

"இருக்கணும். கொஞ்ச காலம். அப்பத்தான் மருந்தாலதான் சரியாச்சா, தானாச் சரியாச்சான்னு தெரியும்."

இதை யாரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் எந்த வீட்டுக்கு எந்த பாட்டில் என்று எப்படி முடிவு செய்வது என்று டாக்டர் விளக்க ஆரம்பித்ததும், அட இது நம்ம கறிப்பங்கு என்று ஒச்சு மாமா சிரித்துவிட்டார். எங்கள் தெருவில் தீபாவளிக்குக் கிடா வெட்டிப் பங்கு போடுவது அவர்தான். தராசு கிடையாது, கண்தான். ஓலைப்பாயில் கறியைக் கூறு கூறாக வைத்து, ஒருத்தனைத் திருப்பி நிறுத்தி, ஒவ்வொரு கூறாகத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்பார், கூறைப் பார்க்காமல் அவன் ஒரு வீட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. டாக்டருக்கு இதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷம், இதைத்தான் நாங்களும் செய்கிறோம், இதேதான் என்று மாமா கையைப் பிடித்துக் குலுக்கினார். பாட்டில்களைப் பாயில் பரப்பி, என்னை வேப்பமரத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்கள். நான் பெயர்களைச் சொன்னேன். எங்கள் வீட்டுக்குப் பச்சை வந்தது.

டாக்டருக்குத் தெரியாதது ஒன்றுதான். கறிப்பங்கில் ரெண்டாவது ஒரு பாதி உண்டு. வீட்டுக்குக் கொண்டு போய்ப் பிரித்துப் பார்த்து, ஒரு வீட்டுக் கூறில் வெறும் எலும்பாக வந்திருந்தால், பக்கத்து வீட்டுக்காரி கேட்காமலே கிண்ணத்தில் ரெண்டு துண்டு கறியைப் போட்டுக் கொண்டு வருவாள். கொண்டு வராதவள் வீட்டில் அப்புறம் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இது சட்டம் இல்லை, யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. அதனால் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு பச்சை மூடி வீட்டில் அம்மிச் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொரு பச்சை வீட்டில் யாரோ விக்கினார்கள். சிவப்பு வீடு ஒன்றிலும் கதவு கிறீச்சிட்டது, ஆனால் அதைக் காற்று என்றார்கள். பச்சைதான் மருந்து என்று தெரு முடிவு கட்டியது. பச்சை வீட்டுக்காரர்களுக்குச் சோறு இறங்கவில்லை. சிவப்பு வீட்டுக்காரர்கள் அவர்களைப் பார்க்கவில்லை, பார்த்தால் கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று தலையைக் குனிந்துகொண்டே குழாயடிக்கு வந்தார்கள். அதைத் தாங்க முடியாமல் என் அம்மாதான் முதல் பாட்டிலைக் கொண்டுபோய் அண்டாவில் ஊற்றினாள். அப்புறம் எல்லாரும். டாக்டருக்குத் துரோகம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நல்ல காரியம் செய்த நிறைவோடுதான் எல்லாரும் தூங்கப் போனோம்.

அண்டா மருந்து குடித்து எல்லாருக்கும் கொஞ்சம் கூடியது, கொஞ்சமே கொஞ்சம். அதைத்தான் அந்த மெஷின் ஒரே மாதிரி காட்டியது.

"கூடியிருக்குல்ல? அப்ப மருந்து வேலை செய்யுது," என்றார் ஒச்சு மாமா.

"செய்யலாம். பாதியாக் கலந்ததால கொஞ்சமாச் செய்யலாம். இல்லை, வியாதியே தானா இறங்குதுன்னும் இருக்கலாம், அப்ப மருந்துக்கு இதுல வேலையே இல்லை. இல்லை, நான் வந்திருக்கேன்னு எல்லாரும் முன்னைவிடப் பலமா இருமியிருக்கலாம். இந்த மூணுல எதுன்னு எனக்குத் தெரியாது. இனிமே யாருக்கும் தெரியாது."

"சும்மா வேலை செய்யுதுன்னு எழுதிருங்க டாக்டரம்மா. யாரு வந்து கேக்கப் போறா?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு ஊருல ஆரம்பிச்சிருச்சு ஐயா. நான் எழுதறதை நம்பித்தான் அவங்களுக்குக் குடுப்பாங்க. தப்பா இருந்தா?"

ஒச்சு மாமா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் செய்தது தப்பு என்று டாக்டரும் சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. யாராவது ஒருத்தர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது இருக்கலாம்.

டாக்டர் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பையில் மூடி திறக்காமல் ரெண்டே பாட்டில் மிச்சம், ஒரு சிவப்பு, ஒரு பச்சை. அப்படியும் ரொம்ப மோசமாக இருந்த பிள்ளைகள் தெருவில் ரெண்டு பேர், மயிலும், சின்னப்பொண்ணு அக்காவுடைய மகன் முத்துக்காளையும். "ரெண்டு பிள்ளையை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது தவசி. ஆனா சுத்தமா ஒரு சின்ன அடையாளம் கிடைச்சாக்கூட, அதைக் காட்டி மேல இன்னொரு தடவை மருந்து கேப்பேன். அந்தந்தப் பிள்ளைக்கு அந்தந்த பாட்டில்தான். நான் வர்ற வரைக்கும் மாறக் கூடாது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் தினமும் கூப்பிடறேன், என்ன கேட்டுச்சுன்னு சொல்லு." திருப்பி நிறுத்தினார். கேட்டார். நான் தங்கச்சி பெயரைச் சொன்னபோது அவர் தொட்டுக்கொண்டிருந்தது பச்சை.

அம்மா சாமிக்குச் சூடம் ஏற்றினாள், பச்சை என்றால் மருந்து என்று. நானும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், இல்லை என்று சொன்னால் பொய்.

தினமும் ரெண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன், தினமும் ரெண்டு நெஞ்சிலும் காதை வைத்தேன், தினமும் போனில் சொன்னேன். முத்துக்காளைக்கு முதலில் மூக்குறிஞ்சுகிற சத்தம் வந்தது. அப்புறம் நடக்கும்போது தொப் தொப்பென்று வந்தது. ஒரு நாள் சோறு வேண்டாம் என்று அவன் போட்ட கூப்பாட்டில் தெருவே ஓடி வந்து வாசலில் நின்று, அவன் அழ அழ, கைதட்டிச் சிரித்தது. சிவப்பு மூடி. மயிலின் நெஞ்சில் கிணற்றுக்குள் கல் விழுகிற மாதிரி ரொம்பத் தூரத்தில் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது, தினமும் இன்னும் தூரமாக.

"அப்ப சிவப்புதான டாக்டரம்மா?" போனில் கத்தினேன். "மாத்திக் குடுத்துரவா?"

"அவனுக்குத் தானா வந்திருக்கலாம் தவசி. உங்க தெருவுலயே முன்ன அப்படி ஒண்ணு ரெண்டு பேருக்கு வந்துச்சு. ஒரு பிள்ளையைப் பாத்துச் சொல்ல முடியாது."

"என்னதான் சொல்ல முடியும் உங்களால?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் சத்தம் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். "இப்ப ஒண்ணும் முடியாதுப்பா," என்றார். "வெள்ளிக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் பொறு."

புதன்கிழமை மத்தியானம் அம்மா ரெண்டு தட்டு வைத்துச் சோறு போட்டாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. மயில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், கையைக் கழுவிவிட்டு, ஈரக் கையோடு.

"மயிலுக்கு?" என்றேன்.

"யாருக்கு?" என்றாள் அம்மா.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். மோர் ஊற்றட்டுமா, ரசமா என்று கேட்கிற முகம். மயில் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், அவள் பிடித்த இடத்தில் துணி கசங்குவது தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கண்ணை எடுத்தால் எனக்கும் போய்விடும் என்று. மயிலு மயிலு மயிலு என்று சொல்லிக்கொண்டே, அவள் சைக்கிளைக் கீழே போட்டதையும், முழுப் பெயர் வள்ளிமயில் என்பதையும், இடது காதில் தோடு தொலைத்ததையும் சொல்லிக்கொண்டே அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

சின்னப்பொண்ணு அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தது. நான் போய்க் கேட்கவில்லை. அதுவாகத்தான் வந்தது. ஒரு கையில் முத்துக்காளை, இன்னொரு கையில் சிவப்பு மூடி பாட்டில், பாதிக்கு மேல் இருந்தது.

"இவனுக்கு இது போதும் தம்பி. எம்பிள்ளை கத்துறதைக் கேட்டுக்கிட்டு நான் எப்படிச் சோறு திங்க? புடி."

"டாக்டர் மாத்தக் கூடாதுன்னாங்கக்கா."

"டாக்டரம்மாவுக்குத் தங்கச்சி இருக்கா?"

அது எனக்குத் தெரியாது. டம்ளரில் பச்சையையும் ஊற்றினேன், சிவப்பையும் ஊற்றினேன். சிவப்பு மட்டும் கொடுத்திருக்கலாம். பச்சையை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை, ஒருவேளை அதுதான் அவளை இதுவரைக்கும் பிடித்து வைத்திருந்தது என்றால்? மயில் ஒரே மடக்கில் குடித்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தாள்.

நெஞ்சில் காதை வைத்தேன். கேட்டது. முன்னைவிடப் பக்கத்தில் கேட்டது என்று நினைக்கிறேன். என் காதுக்குள் ஓடுகிற ரத்தமாகவும் இருக்கலாம். சின்னப்பொண்ணு அக்காவையும் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன், அது கேட்டுவிட்டு, இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு என்றது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா உள்ளேயிருந்து "மயிலு, சோறு ஆறுது, வா" என்று கூப்பிட்டாள். மருந்தால் ஞாபகம் வந்ததா, நான் வாசலில் அந்தப் பெயரைக் கத்திக்கொண்டே இருந்ததால் வந்ததா? எனக்குத் தெரியவில்லை. மயில் எழுந்து உள்ளே ஓடினாள். கொலுசு அசைந்தது, சத்தம் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு டாக்டர் கூப்பிட்டார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். கலந்துவிட்டேன் என்று சொன்னால் அந்தச் சின்ன அடையாளமும் போனது, மேலே கேட்க அவரிடம் ஒன்றும் இருக்காது, ஆத்துக்கு அந்தப் பக்கம் எந்த வீட்டிலோ ஒருத்தன் தங்கச்சிக்கு மருந்து வராது. கலக்கவில்லை என்று சொன்னால் மருந்து வரும், ஆனால் தப்பான மூடியில், வெறும் சர்க்கரைத் தண்ணீராக வரலாம், அவனும் நம்பி ஊற்றிக் கொடுப்பான். ரெண்டில் எது குறைந்த கேடு என்று கண்டுபிடிக்க ஏதாவது மெஷின் இருந்தால் நன்றாக இருக்கும்.

கிளம்புகிற அன்றைக்கு ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு டாக்டர் கடைசியாகச் சொன்னது மருந்தைப் பற்றி இல்லை. "என்ன நடந்தாலும் போனை மட்டும் எடு தவசி. நீயே மாத்திக் குடுத்திருந்தாலும் சரி, எடுத்து அதைச் சொல்லு. தெரிஞ்ச தப்போட என்னால வேலை பாக்க முடியும்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்து அம்மா "எடேண்டா அதை" என்றாள். நின்றது. மறுபடி அடித்தது.

நான் எடுக்கவில்லை.